மாநாட்டு மேடையில் ஒரு வாய்க்கால்

அன்புள்ள தங்கைக்கு,

மாநாட்டில் உன் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள் என்று கேட்டுச் சந்தோஷம். வாய்க்காலில் எவ்வளவு மண் தூர்வாரப்பட்டது என்பதை ட்ரோன் படங்களிலிருந்து கணக்கிடும் வேலையை, கட்டுமானத் தொழில்நுட்பக்காரர்கள் நடுவே போய்ச் சொல்லப் போகிறாய். ரோபோவும் முப்பரிமாண அச்சும் பேசுகிற இடத்தில் வாய்க்கால் எடுபடுமா என்று கேட்டிருந்தாய். எடுபடும். ஆனால் நீ அனுப்பிய ஸ்லைடுகளைப் பார்த்தபோது சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தோன்றியது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கமிருந்து இன்னும் பலர் இப்படிக் கிளம்பப் போகிறார்கள். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

போவதற்கு முன் இந்தத் துறைக் கருத்தரங்குகளின் பழைய கட்டுரைத் தொகுதிகளைப் படித்துவிடு. கட்டுமானத்தில் தானியங்கி முறைகள், ரோபோக்கள் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்கான 'ஐசார்க்' 1984-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 40-ஆவது கருத்தரங்கு 2023 ஜூலையில் நம் சென்னையிலேயே நடந்தது. அதன் கட்டுரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சுருக்கத்தை மட்டும் மேய்ந்துவிட்டு வராதே. முடிவுரைக்கு முன்னால் தயங்கித் தயங்கி எழுதிய ஒரு பத்தி இருக்கும்: எங்கே கருவி சரிவரவில்லை, எதை அளக்க முடியவில்லை என்று. அதை எழுதியவரைத் தேடிப் பிடித்துப் பேசு. தேநீர் இடைவேளையில் பேச அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

அங்கே எண்கள் பறக்கும். மயங்கிவிடாதே, ஒவ்வொரு எண்ணும் எதை எண்ணுகிறது என்று கேள். காஞ்சிபுரத்தில் எல் அண்ட் டி நிறுவனம் 2020-இல் 700 சதுர அடியில் ஒரு மாடிக் கட்டடத்தை அச்சிட்டது. 106 மணி நேரம் என்றார்கள். அது இயந்திரம் அச்சிட்ட நேரம். தளங்கள் அச்சில் வந்தவை அல்ல. அதே நிறுவனம் சென்னை ஐஐடியின் தொழில்நுட்ப வழிகாட்டுதலோடு பெங்களூரு கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் 1,021 சதுர அடியில் அச்சிட்ட தபால் நிலையம் 2023 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதற்குச் சொன்ன கணக்கு 43 நாள். முதல் கணக்கு மணியில், இரண்டாவது நாளில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது பேசினால் கையைத் தூக்கு. நம் ஊர்க் களிமண்ணில் வீடு கட்டியவர்களுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கும். மழையில் ஊதி வெயிலில் வெடிக்கிற மண்ணுக்கு அஸ்திவாரம் போட்டு மேலே வருவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விடுகிறது. அந்த நாட்கள் யார் கணக்கில்?

உன் வேலைக்கும் ஒரு காலக்கெடு உண்டு. அதை நீ ஸ்லைடில் சொல்லவே இல்லை. அணையில் தண்ணீர் இருக்கிற ஆண்டில் மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கும், ஜனவரி 28-இல் மூடும். நடுவில் கிடைப்பது நாலரை மாதம். மதகு பழுதுபார்ப்பு, கரை பலப்படுத்தல், தூர்வாரல் எல்லாம் அதற்குள். உத்தரவு வந்து, டெண்டர் முடிந்து, பொக்லைன் வாய்க்காலில் இறங்கும்போது பெரும்பாலும் ஏப்ரல் தாண்டிவிடுகிறது. தண்ணீர் வந்துவிட்டால் அடியில் என்ன நடந்தது என்று யாரும் பார்க்க முடியாது. 'வாரினார்களா, வழித்தார்களா' என்று ஆண்டுதோறும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் எழுகிற சண்டைக்கு இதுதான் வேர். உன் ட்ரோன் வேலை பார்ப்பது இந்தச் சில வாரங்களில். வெளிநாட்டுக்காரர்களுக்கு இதை முதல் ஸ்லைடிலேயே சொல். கால அட்டவணை மென்பொருள் வைத்திருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். முடிவுத் தேதியை ஆறு வைக்கிற வேலையை அவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள்.

இப்போது நீ மறைத்துவைத்த இடத்துக்கு வருகிறேன். வெங்காயத்தாமரையும் காட்டாமணக்கும் மூடிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, சுத்தமான பகுதிக்கு மட்டும் பிழைக் கணக்கு காட்டியிருக்கிறாய். கேமராவுக்குத் தெரிவது இலையின் மேற்பரப்புதான், வாய்க்காலின் தரை அல்ல. தேங்கின தண்ணீரிலும் அதே கதி. சாதாரண லேசர் ஸ்கேனர் தண்ணீரில் பயன்படாது. பச்சை லேசர் உள்ளே இறங்கும், ஆனால் நம் கலங்கல் தண்ணீரில் அதுவும் திணறும். வெட்டிய பகுதியைத் திரும்பச் சேர். 'இங்கே என் முறை தோற்றது' என்று தலைப்பிட்டுக் காட்டு.

பத்து சென்டிமீட்டர் பிழை சின்னது என்று எழுதியிருக்கிறாய். போட்டுப் பார்ப்போம். அடி அகலம் பத்து மீட்டர், நீளம் ஒரு கிலோமீட்டர்; பத்து சென்டிமீட்டர் என்றால் ஆயிரம் கன மீட்டர். நம் லாரிக்காரர் கணக்கில் 350 யூனிட்டுக்கு மேல். மூன்று யூனிட் டிப்பரில் நூற்றுச் சொச்சம் நடை. அவ்வளவு மண் வெட்டாமலே அளவுப் புத்தகமான எம் புக்கில் ஏறலாம், அல்லது வெட்டியும் ஏறாமல் போகலாம். சதவீதத்தில் சொன்னால் அரங்கில் தலையாட்டுவார்கள்; நடைக்கணக்கில் சொன்னால் கேள்வி வரும்.

இதையும்விட முக்கியமானது ஒன்று. கன அளவு சரியாக இருந்தாலே போதுமா? காவிரி டெல்டா கிட்டத்தட்ட மட்டமான பூமி. வாய்க்காலின் தலைப்பில் அளவுக்கு மேல் தோண்டிவிட்டால் நீர்மட்டம் கீழே போகும்; அதிலிருந்து பிரியும் சி, டி கிளை வாய்க்கால்களின் வாய் மேலே நின்றுவிடும். கன அளவு ஒப்பந்தத்தைத் தாண்டும், வயலுக்குத் தண்ணீர் ஏறாது. நடுவில் ஒரு மேடு மட்டும் வாராமல் விட்டால் மொத்தக் கணக்கில் அது தெரியாது, கடைமடைக்காரருக்குத் தெரியும். ஆகவே அடிமட்டத்தின் நீள்வெட்டுப் படத்தைப் போடு. வடிவமைப்பு மட்டம் ஒரு கோடு, தூர்வாரிய மட்டம் ஒரு கோடு, ஒவ்வொரு மதகின் வாய்மட்டமும் புள்ளியாக. ஆட்டோ லெவல் வைத்து நூறு மீட்டருக்கு ஒரு புள்ளி நேரில் எடுத்து ஒப்பிடு. அந்த ஒரு படம் உன் மற்ற எல்லா ஸ்லைடுகளையும்விடப் பேசும் என்பது என் எண்ணம்.

மேடையில் மெதுவாகப் பேசு. நம் இங்கிலீஷுக்கு வெட்கப்படவே வேண்டாம்; வேகம்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். கேள்வி என்ற பெயரில் ஒருவர் தன் ஆராய்ச்சியைப் பிரசங்கம் செய்வார். சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. அளக்காத ஒன்றைக் கேட்டால் 'அதை நான் அளக்கவில்லை' என்று சொல். (அரங்கில் குளிர்சாதனம் நடுக்கும், ஒரு சால்வை எடுத்துக்கொண்டு போ.)

நன்றி ஸ்லைடில் வழிகாட்டியும் நிதி தந்த நிறுவனமும் மட்டும் இருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அடிக்கடி போகிறவள் நீ. அங்கே கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு அடுத்த நிலைத் தச்சர்களும் தையற்காரரும் நாவிதரும்கூட அங்கே பதிவாகியிருக்கிறார்கள். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் பெயரோடும் தெருவோடும் இருக்கிறார்கள். உன் கூட அளவுக்கோல் (ஸ்டாஃப்) பிடித்த பையன், எந்த மதகு எப்போது திறக்கும் என்று சொன்ன லஸ்கர், பொக்லைன் ஓட்டுநர் ஆகியோரைக் கேட்டுச் சம்மதம் வாங்கி, பெயரோடு போடு.

திரும்பி வந்ததும் நீள்வெட்டுப் படத்தைத் தமிழில் ஒரே பக்கமாக அச்சிட்டு, நீ அளந்த வாய்க்காலின் பாசன விவசாயிகளிடம் கொடு. அவர்கள் கேட்கிற கேள்விகளை அப்படியே குறித்துக்கொள். அடுத்த தூர்வாரல் தொடங்குவதற்கு முன் ட்ரோனின் முதல் பறத்தல் முடிந்திருக்க வேண்டும்; பேட்டரியும் பெஞ்ச்மார்க் கற்களும் இப்போதே தயாராகட்டும்.

அன்புடன்,
உன் ஊர்க்காரன் ஒரு பழைய இன்ஜினியர்