புது பிளேட் போட்டும் விழாத நியூட்ரல்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. “பிளேட் செட் புதுசாப் போட்டாச்சு, ஆனாலும் வண்டி சூடானா நியூட்ரல் விழ மாட்டேங்குது. கியர்பாக்ஸைப் பிரிச்சுடலாமா ஐயா?” என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். உன் தாத்தாவின் புல்லட்டில் இதுவரை யாரும் கை வைக்காத ஒரே இடம் அந்தக் கியர்பாக்ஸ்தான். அதை விட்டுவிடு.

கியர் தகராறு என்று எந்தப் பட்டறைக்குப் போனாலும் “பிளேட் போச்சு” என்று சொல்லிப் புது செட்டை மாட்டுகிறார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் அலறும், வண்டி ஏறாது. உன் வண்டி அப்படிச் செய்ததாக நீ எழுதவில்லை. நியூட்ரல் விழவில்லை, நின்ற இடத்தில் முதல் கியர் ‘கடக்’ என்று விழுகிறது என்றுதான் எழுதியிருக்கிறாய். இது நேர் எதிரான நோய். கிளட்ச் லீவரைப் பிடித்த பிறகும் பிளேட்டுகள் முழுதாக விலகாமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே சுழல்கின்றன. கியர்களைக் கோக்கும் பற்களின் மேல் பாரம் இறங்காமலே இருக்கிறது. பாரத்தில் இருக்கும் பல்லைக் காலால் எத்தி விலக்க முடியுமா? வழுக்கும் கிளட்சுக்குச் செய்யும் வைத்தியத்தை இழுக்கும் கிளட்சுக்குச் செய்தால் காசு போகும், குறை அப்படியே இருக்கும்.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். தர்மபுரி நாலு ரோட்டில் வண்டி சூடாகி, முதல் கியரில் நிற்கும்போது நியூட்ரல் வரவில்லையென்றால் இன்ஜினை அணைத்துவிட்டு அதே காலால் தொட்டுப் பார். வழுக்கிக்கொண்டு விழுந்தால் கியர்பாக்ஸில் குற்றமில்லை. இன்னொன்று, புல்லட்டின் கிக்கர் கிளட்ச் வழியாகத்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. அதனால் நியூட்ரலில் வைத்து, லீவரை முழுக்கப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் அழுத்து. எதிர்ப்பில்லாமல் இறங்க வேண்டும். கம்ப்ரஷன் தடுத்தால் கிளட்ச் விலகவில்லை. லீவரைத் தொடாமலே கிக்கர் சும்மா இறங்கினால் அது வழுக்கும் கிளட்ச். காசு செலவில்லாத சோதனைகள். பிளேட் வாங்கும் முன் இவற்றைச் செய்திருக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். உன் கடிதத்தின் கடைசியில், ஏதோ சும்மா சொல்வதுபோல் ஒரு வரி இருக்கிறது: பழைய லீவரைக் கழற்றிவிட்டுப் பெங்களூரிலிருந்து பளபளப்பான லீவர் வாங்கி மாட்டினாய், “இப்ப கிளட்ச் ரொம்ப லேசா இருக்கு ஐயா”. தம்பி, மொத்தக் கடிதத்திலும் எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வரிதான்.

ஏன் லேசானது? ஸ்பிரிங் அதேதான், கேபிள் அதேதான். லீவரில் ஆணி நிற்கும் துளைக்கும் கேபிளின் குமிழ் உட்காரும் துளைக்கும் இடையே உள்ள தூரம் குறைந்திருக்கிறது. கடப்பாரையால் பாறையை நெம்பும்போது தாங்குகல்லைப் பாறைக்குப் பக்கத்தில் வைத்தால் கைக்குச் சுலபம், ஆனால் பாறை கொஞ்சமே எழும்பும். இங்கும் அதே கணக்கு. பழைய பிரிட்டிஷ் வண்டிகளுக்கான லீவர்களில் இந்தத் தூரம் இரண்டு அளவுகளில் சகஜம்: ஏறக்குறைய 22 மில்லிமீட்டர், ஏறக்குறைய 27 மில்லிமீட்டர். வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. 27 இருந்த இடத்தில் 22 வந்தால் கேபிள் இழுபடும் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடுகிறது. கேபிள் நகர்வது சென்டிமீட்டர் கணக்கு. மறுமுனையில் பிரஷர் பிளேட் விலகுவதோ ஓரிரு மில்லிமீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு சின்ன இழப்பு அல்ல. வண்டி குளிர்ந்திருக்கும்போது மிச்சமுள்ள விலகல் போதும். சூடேறி பிளேட்டுகள் லேசாக விரிந்ததும் அது போதாது. நீ சொல்லும் குறை சூட்டில் மட்டும் வருவதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான்.

லீவரை மாற்றாதவர்களுக்கும் இதே நோய் மெல்ல வரும். ஆணித்துளை வருஷக்கணக்கில் தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும். லீவரைப் பிடித்து ஆட்டிப் பார், துளையில் ஆணி ஆடும் அளவுக்கு இழுப்பு வீணாகும். கேபிளின் வெளிக்கூடு டேங்க் பக்கத்தில் கூர்மையாக வளைந்திருந்தால் அங்கேயும் கொஞ்சம் போகும். குமிழ் அதன் துளையில் எண்ணெயில்லாமல் இறுகிப்போனால் கேபிள் இழைகள் ஒவ்வொன்றாக அறும். கிளட்ச் என்றால் உள்ளே இருக்கும் பிளேட்டுகள் மட்டும் என்று எண்ணாதே. கை விரலில் தொடங்கி கேபிள், கியர்பாக்ஸுக்குள் நெம்புகோல், மெயின் ஷாஃப்டுக்குள் ஓடும் ராடு, பிரஷர் பிளேட் வரை எல்லாம் சேர்ந்ததுதான் கிளட்ச். குறையை விரலிலிருந்து தேடிக்கொண்டு போ.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்த நுணுக்கம் கைக்கு எட்டாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1980இல் டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து வந்தது. அப்போது ஓசூர் தர்மபுரி மாவட்டம்; 2004இல்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போயிற்று. வேகம் கூடினால் தானே கவ்வும் கிளட்ச், ஒரே கியர். வயலுக்கும் சந்தைக்கும் அதைவிட நல்ல வண்டி கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் பழகி நேரே ஸ்கூட்டருக்குப் போன தலைமுறைக்கு, இடது கை விரலில் பிளேட் விலகுவதை உணரும் பழக்கமே வரவில்லை. உன் தாத்தாவுக்கு அது இருந்தது. அதனால்தான் அந்தப் பழைய லீவரை அவர் மாற்றவில்லை என்று நினைக்கிறேன்.

யோசிக்காமல் பிரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு புத்தகம் சொல்கிறேன். ராபர்ட் பிர்சிக் எழுதிய ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ 1974இல் வந்தது. தத்துவப் பகுதிகள் உனக்கு இப்போது ஏறாது. தொடக்கத்தில் வரும் பட்டறைக் காட்சியை மட்டும் படி. இறுகி நின்றுபோகும் இன்ஜினை மெக்கானிக்குகள் திரும்பத் திரும்பப் பிரித்துக் கோக்கிறார்கள், ரேடியோ அலறுகிறது, யாரும் நின்று யோசிப்பதில்லை. கடைசியில் காரணம், எண்ணெய் போகும் வழியில் முறிந்துபோன இருபத்தைந்து சென்ட் பின் ஒன்று. மெக்கானிக் வேலைக்கு வரும் ஒவ்வொருவனும் அந்தப் பக்கங்களைப் படித்தாக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய லீவரைத் தேடி எடு. பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். இரண்டிலும் அந்தத் தூரத்தை அளந்து பார். பழையதன் துளை தேய்ந்திருந்தால் பித்தளைப் புஷ் போட்டு மாட்டு. லீவர் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இருக்கட்டும். தளர்வே இல்லாமல் இறுக்கிவிட்டால் ராடின் நுனி ஓயாமல் உரசிச் சூடாகி, மழுங்கிப்போகும். கிளட்சும் வழுக்கத் தொடங்கும்.

அதற்கும் சரியாகவில்லையென்றால் இடப்பக்க மூடியைத் திற. கிளட்ச் டிரம்மின் பள்ளங்களில் விரல் நகத்தை ஓட்டு. பழைய பிளேட்டின் காதுகள் வெட்டிய தடங்கள் இருந்தால் நகம் மாட்டும். புது பிளேட்டும் அங்கேயே மாட்டும், விலகாது. மெல்லிய அரத்தால் தடத்தை மழித்துவிடலாம், ஆழமாயிருந்தால் டிரம்மை மாற்றத்தான் வேண்டும். ஸ்பிரிங்குகளைக் கழற்றினால் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நிறுத்து; உயரம் வேறுபட்டால் பிளேட் கோணலாக எழும்பும். ப்ரைமரி செயினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்திலும் கொஞ்சம் தளர்வு விடு. செயினும் கிளட்சும் ஓடும் அந்த அறைக்குக் கார் ஆயில் ஊற்றாதே, டப்பாவில் ஜாஸோ எம்ஏ என்று இருப்பதையே வாங்கு.

மேலே அல்லது கீழே, ஒரு பக்கமாக மாற்றும்போது மட்டும் கியர் தவறினால் அது வேறு கதை. கியர்பாக்ஸின் வெளிமூடிக்குள் ராட்செட்டை நிறுத்தும் தகட்டைத் திருகு தளர்த்திச் சற்று நகர்த்தினால் போதும். 1955இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய பிறகு திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தயாரான இந்த அல்பியன் வகைக் கியர்பாக்ஸ் முரடு, ஆனால் நேர்மையானது. அதில் குதிகாலால் அழுத்தும் நியூட்ரல் லீவரை வைத்து இழுக்கும் கிளட்சை மறைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த லீவர் முதல் கியரிலிருந்து வேலை செய்யாது என்றுகூடப் பலருக்குத் தெரியாது.

மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுப்பதற்கு முன், லீவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து முறை கிக்கரை மிதி. ஒட்டிய பிளேட்டுகள் பிரியும்.

இரண்டு லீவரின் அளவையும் மில்லிமீட்டரில் எழுதி அனுப்பு. அதுவரை கியர்பாக்ஸில் ஒரு நட்டையும் தொடாதே.

அன்புடன்,
உன் ஐயா