மலை வீடும் விருந்தினர் வாடகையும்: முன்பணம் கொடுக்குமுன் ஒரு கணக்கு

நம் வணிகப் பெருமக்களுக்குக் கொல்லிமலை மீது திடீரென்று ஒரு பிரியம் பிறந்திருக்கிறது. "ஆலத்தூர் நாட்டில் பழைய வீடு ஒன்று விலைக்கு வருகிறதாம். சுற்றிலும் காப்பி, மிளகு, நாலைந்து பலா. வாங்கிச் சீர் செய்து சனி, ஞாயிறு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டால் என்ன?" என்று உறுப்பினர்கள் மூன்று பேர் தனித்தனியே வந்து கேட்டார்கள். மூன்றாமவர் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்குமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. அதுவே இந்த மாதப் பாடம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழில் கெட்ட தொழில் அன்று. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஆகாய கங்கை அருவியையும் அறப்பளீசுவரர் கோயிலையும் பார்க்க வருகிறவர்களுக்கு இரவு தங்கச் சுத்தமான இடம் வேண்டும். ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழாவுக்கு வரும் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். வாடிக்கை இருக்கிறது. வீடு யாருடையதாக இருக்க வேண்டும் என்பதில்தான் நம்மவர் தவறுகிறார்கள்.

பிரான்சு நாட்டார் செய்தது என்ன?

பழைய கிராமத்து வீட்டைச் செப்பனிட்டு விடுமுறைக்கு வாடகைக்கு விடும் முறையை ஒழுங்கான தொழிலாக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அந்த வீட்டை அவர்கள் 'ஜீட்' என்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே மலைக்கிராமத்து இளைஞர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, கூரைகள் சரிந்தன. பட்டணத்துத் தொழிலாளிக்கோ சம்பளத்துடன் விடுப்பு கிடைத்தும், ஓட்டலில் குடும்பத்தோடு தங்கப் பணமில்லை. இந்த இரண்டு குறைகளையும் சேர்த்துப் பார்த்தவர் எமில் ஒபேர் என்ற செனட்டர். ஆல்ப்ஸ் மலைச்சாரலில் தீஞ் நகர வட்டாரத்தில் 1951-ல் முதல் ஜீட் திறக்கப்பட்டது. 1955-ல் தேசிய அளவில் சம்மேளனம் அமைந்தது. வீட்டின் வசதிக்குத் தக்கபடி அவர்கள் தரும் தர அடையாளம் நட்சத்திரம் அல்ல, கோதுமைக் கதிர். விவசாயிக்கு வைத்த தொழில் என்பதை அந்தச் சின்னமே சொல்லிவிடுகிறது.

நமக்கு வேண்டிய செய்தி இதுதான். அந்தத் திட்டத்தின் நோக்கம் வீட்டை விற்பது அன்று. குடியானவன் தன் வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போகாமல் இருக்க, பக்கவருமானம் ஒன்றை உண்டாக்குவது. பின்னாளில் ஆங்கிலேயரும் பிறரும் பண்ணை வீடுகளை விலைக்கு வாங்கத் தொடங்கியபோது கதை மாறியது. பல வட்டாரங்களில் விலை ஏறி, உள்ளூர்ப் பிள்ளைகளால் சொந்த ஊரில் வீடு வாங்க முடியாத நிலை வந்தது. கைமுதல் அதிகம் போட்டு வாங்கியவர்களிலும் எல்லாரும் ஆதாயம் பார்க்கவில்லை. கூரைக்கும் குழாய்க்கும் செலவழித்து ஓய்ந்தவர்கள் அங்கேயும் உண்டு.

நம் பக்கத்து உதாரணம்

இந்தத் தொழிலை நம் நாட்டிலேயே பார்க்க வேண்டுமென்றால் செட்டிநாடு போய் வரலாம். காரைக்குடியில் 'தி பங்களா' 1999 முதல் விருந்தினரை ஏற்றுக் கொள்கிறது. கானாடுகாத்தானில் 'விசாலம்' இருக்கிறது. கொத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' என்ற 1910-ஆம் ஆண்டு வீட்டைச் செப்பனிட்டவர்கள் இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்களே. சுண்ணாம்புக் காரை, ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்கு என்று வீட்டில் இருந்ததையே சரக்காக்கினார்கள்.

ஆனால் அந்த வழியை அப்படியே மலைக்குக் கொண்டு போக முடியாது. செட்டிநாட்டு வீட்டில் சிக்கல் பங்காளிகளின் கையெழுத்து. இருபது பேர் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருப்பார்கள், எல்லோரும் சம்மதித்தால் பத்திரம் முடிந்தது. கொல்லிமலையில் சிக்கல் கையெழுத்தோடு நிற்பதில்லை.

பட்டாவைப் படியுங்கள்

ஆலத்தூர் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என்று கொல்லிமலையின் எந்த நாட்டை எடுத்தாலும் நிலத்துக்குடையவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். வருவாய்த்துறை நிலையாணை 15(40)-இன்படி, மலைவாழ் மக்களுக்கென ஒப்படைத்த நிலம் மற்றவர் பெயருக்கு மாற வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். வன உரிமைச் சட்டம், 2006-இன் கீழ்க் கிடைத்த பட்டா என்றால் இன்னும் தெளிவு. அது வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றவோ முடியாது. "கிரயம் இல்லாவிட்டால் என்ன, பவர் எழுதிக்கொள்ளலாம்" என்று தரகர் சொல்வார். அந்தப் பவர் பத்திரம் உங்கள் பெட்டியில் இருக்கும், நிலம் உங்களுடையதாக இருக்காது.

இன்னும் சிலர் மலையாளி வேலையாள் ஒருவர் பெயரில் வாங்கிப் போடலாம் என்கிறார்கள். அதற்குப் பெயர் பினாமி. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-ல் திருத்தப்பட்ட பின் சொத்து பறிமுதலாவதோடு, ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. வியாபாரி இதில் இறங்குவது முதலுக்கே மோசம்.

மனதில் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். மலை நிலம் கைமாறிய பழைய வழி பெரிய கம்பெனிகள் வழி அன்று. மிளகுக்கு முன்பணம், காப்பிக்கு முன்பணம், கல்யாணத்துக்குக் கைமாற்று என்று கடைப் பேரேட்டில் ஏறிய பற்று, ஒரு மழை பொய்த்த வருடத்தில் பத்திரமாக மாறியது. அந்தப் பேரேடு நம்மைப் போன்றவர்களுடைய கடைகளில்தான் இருந்தது. எல்லாக் கடையிலும் என்று சொல்லவில்லை. அடிவாரத்தில் வயதானவர்களைக் கேட்டால் எந்தக் கடை என்று சொல்வார்கள், நான் எழுதப் போவதில்லை. விருந்தினர் வீடு என்ற பெயரில் அதே கதையை நாமே மறுபடி தொடங்கலாமா?

கணக்கு

தர்மத்தை ஒதுக்கிவிட்டு லாபத்தை மட்டும் பார்ப்போம். இரண்டு அறை உள்ள பழைய ஓட்டு வீடு. செப்பனிட நான்கு லட்சம் என்று வைத்துக் கொள்வோம். இது உதாரணத்துக்குத்தான், உங்கள் கொத்தனார் வேறு தொகை சொல்லலாம். வாரக்கடைசி இரவுகள் ஆண்டுக்கு 104. அவற்றில் பாதிதான் நிரம்பும் என்று கொண்டால் 52 இரவு, இரண்டு அறைக்கு 104. திருவிழா, பள்ளி விடுமுறைக்கு 26 சேர்த்து ஆக 130 அறை-இரவுகள். அறைக்கு 1,200 ரூபாய் வீதம் வரவு 1,56,000.

செலவு: சலவை, துப்புரவு, மின்சாரம், சோப்பு, அறை-இரவுக்கு 350 வீதம் 45,500. ஆண்டுப் பழுது 20,000. நான்கு லட்சத்துக்கு 12 சதவீத வட்டி 48,000. மொத்தம் 1,13,500 போக மிச்சம் 42,500. முதல் திரும்ப ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும்.

இதே வீட்டை நிலத்தோடு இருபது லட்சத்துக்கு வாங்கியதாக வையுங்கள். அந்த இருபது லட்சத்துக்கு வட்டி மட்டும் 2,40,000. முழு வாடகை வரவும் வட்டிக்கே போதவில்லை. நிலவிலை ஏறும் என்று ஆறுதல் சொல்வீர்கள். சட்டப்படி விற்க முடியாத நிலத்துக்கு விலை ஏறினால் யாருக்கு லாபம்?

இப்போது வீட்டுக்காரரே நடத்துவதாகப் பாருங்கள். நிலத்துக்கு வட்டி இல்லை. 45,500 செலவில் பெரும்பகுதி அவர் வீட்டாரின் கூலியாக வீட்டிலேயே தங்குகிறது. 130 அறை-இரவுக்கு ஆள் இரண்டு வீதம் 260 பேர், தலைக்கு 300 ரூபாய்ச் சாப்பாடு என்றால் 78,000. அதில் பாதி அரிசி பருப்புக்குப் போனாலும் 39,000 மிஞ்சும். சாமைச் சோறும் ராகிக் களியும் அவர்கள் வீட்டில் நாள்தோறும் உள்ள சமையல், பட்டணத்தாருக்கு அது விசேஷம். இதே வீட்டை நாம் நடத்தினால் சமையற்காரர் ஒருவருக்கும் காவற்காரர் ஒருவருக்கும் பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். விருந்தினர் வருவதோ வாரக்கடைசியில் மட்டும்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் தங்கும் இல்லத் திட்டமும் இதே போக்கில்தான் உள்ளது. அதிகபட்சம் ஆறு அறைகள். உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். தங்கம், வெள்ளி என இரு தரம்.

அப்படியானால் வணிகருக்கு என்ன வேலை?

நிறைய இருக்கிறது. ஓடு, சுண்ணாம்பு, குழாய், கழிப்பறைச் சாமான், மெத்தை, கொசுவலை, சூரிய விளக்கு எல்லாம் கீழேயிருந்துதான் ஏற வேண்டும். மலையேற்ற வாடகையைச் சேர்த்து விலை சொல்லுங்கள், பிற்பாடு சேர்க்காதீர்கள். பதிவு எடுத்துக் கொடுத்து, வந்த வாடகையில் பேசிய பங்கு வாங்கலாம். விருந்தினர் இறங்கும்போது மிளகு, காப்பித் தூள், தேன், மலைவாழைப்பழம் வாங்காமல் இறங்குவதில்லை. அந்தச் சரக்கைத் தரம் பிரித்துப் பொட்டலம் கட்ட நம்மைவிடத் தெரிந்தவர் யார்?

கடன் கொடுத்தால் சாமான் கடனாகவே எழுதுங்கள். வட்டியும் தவணையும் காகிதத்தில் இருக்கட்டும், ஒரு பிரதி வீட்டுக்காரரிடம் இருக்கட்டும். பட்டாவை ஈடாக வாங்கி வைக்காதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையானால் பதிவு செய்தே ஆக வேண்டும். அதற்கு முன் ஆட்சியர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணைச் சொல்லி எழுத்து மூலம் விளக்கம் கேட்டு வாங்குங்கள்.

வரி விஷயம் சுருக்கமாக: நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு கிடையாது. சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டாத சிறு வீட்டுக்காரர் நேரடியாக நடத்தினால் பதிவுக்கே அவசியம் வராது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விவரம் இணையத்தில் பதிய வேண்டும். வருகைப் பதிவேடு எல்லோருக்கும் கட்டாயம் வையுங்கள்.

வீட்டைக் கெடுக்காமல் செப்பனிடுவது

இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. மண் சுவரைப் பார்த்ததும் நம் கொத்தனார் சிமெண்ட் பூசலாம் என்பார். பூசாதீர்கள். மண் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து மேலே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும், ஈரம் உள்ளே தங்கும். இரண்டாவது மழைக்காலத்தில் பூச்சு அப்பளம் போல் உப்பி விழும், கூடவே மண்ணையும் பெயர்த்துக் கொண்டு. பிரான்சில் கல் வீடுகளுக்குச் சிமெண்ட் பூசியவர்களும் இதே பாடத்தைத்தான் படித்தார்கள். பிறகு சுரண்டி எடுத்துச் சுண்ணாம்புக்குத் திரும்பினார்கள். சுவருக்கு மண்ணும் வைக்கோலும் கலந்து புளிக்க வைத்த பூச்சு, மேலே நீற்றிய சுண்ணாம்பு. அடியில் ஓரடி உயரத்துக்குக் கல் வரிசை. கூரை இரண்டடிக்குக் குறையாமல் வெளியே இறங்கட்டும், மழை சுவரில் சாடாது.

தகரக் கூரை மலிவு. ஆனால் மலை மழையில் அதன் கீழ் யாரும் தூங்க முடியாது, வெயிலில் உட்காரவும் முடியாது. ஓடுதான் சரி. குரங்கு ஓட்டைப் புரட்டும் என்பது உண்மை. நூறு ஓடு கூடுதலாக வாங்கித் திண்ணையோரம் அடுக்கி வையுங்கள், அதைத் தவிர வேறு மருந்து எனக்குத் தெரியவில்லை.

கழிப்பறைக்குச் செலவைக் குறைக்காதீர்கள். வாடிக்கையாளர் அருவியை மறந்தாலும் கழிப்பறையை மறக்கமாட்டார். குழி கிணற்றுக்கும் ஊற்றுக்கும் மேற்புறச் சரிவில் வரக் கூடாது. பத்து மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், பாறை வெடிப்புள்ள இடத்தில் இன்னும் அதிகம். கீழ் வீட்டார் குடிப்பது அதே ஊற்றாக இருக்கும்.

முன்பணம் கொடுத்துவிட்டு வந்த உறுப்பினர் இப்போது அந்தத் தொகையை வீட்டுக்காரருக்குச் சாமான் கடனாக மாற்றி எழுதியிருக்கிறார். வேலை மாசியில் தொடங்குகிறது. சுண்ணாம்பைத் தையிலேயே நீற்றி ஊறப்போட வேண்டும். ஆடிக்கு முன் ஓடு ஏறிவிட்டால் ஓரி விழாவுக்கு இரண்டு அறையும் தயார்.