அக்கி ஆறிய பின்னும் தொடரும் வலி

அக்கிக் கொப்புளங்கள் ஆறி 3 மாதங்கள் கடந்த பின்னரும் சிலருக்கு எரிச்சலும் குத்தலும் நீடிக்கின்றன. பாதிக்கப்பட்ட நரம்பு, புண் ஆறிய பிறகும் மூளைக்கு வலியுணர்வை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சட்டை உரசினாலும் வலிக்கும். வெளியே தழும்பு மட்டுமே தெரிவதால், “இன்னுமா வலிக்கிறது?” என்று வீட்டார் கேட்பதுண்டு. அதன்பின் நோயாளி வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிடுவதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

வலியை மறைக்க வேண்டாம். 10-க்கு எவ்வளவு வலி, என்ன உதவி தேவை என்ற இரண்டை மட்டும் நாள்தோறும் வீட்டாரிடம் கூறுங்கள். வீட்டார் அறிவுரை கூறாமல் செவிமடுத்தாலே பெரும் ஆறுதல். மாத்திரைகள் பலனளிக்கச் சில வாரங்கள் ஆகலாம். தாமாக நிறுத்தக் கூடாது. உறக்கமின்மையோ மனச்சோர்வோ மிகுந்தால் எங்களிடம் தயங்காமல் தெரிவியுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.