ஊரில் வாங்கிய சான்றிதழ் இங்கே செல்லுமா?

சங்கத்திற்கு வருகிற குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. செல்லும். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி (2016) வழங்கப்பட்ட ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லுபடியாகும்.

புதிதாக வாங்குவோர் 2021 ஜூன் முதல் இணையவழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். 'ஸ்வாவ்லம்பன்' தளத்தில் பதிந்தால் சான்றிதழோடு யூ.டி.ஐ.டி. அட்டையும் கிடைக்கும். இப்போது குடியிருக்கும் மாவட்டத்திலோ, சிகிச்சை பெறும் மருத்துவமனையிலோ விண்ணப்பிக்கலாம். ஆதாரில் இன்னும் ஊர் விலாசமே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். நம்மவர்களுக்குப் பெரிய தலைவலி பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். ஆதாரிலோ அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கும். எல்லாத் தாள்களிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கட்டும்.

ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் அரசு வேலையில் இடஒதுக்கீடு. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 சதவீதமாக இருந்தது இப்போது 4. பார்வை, செவி, உடல் இயக்கக் குறைபாடுகளுக்குத் தலா 1. நான்காவது சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய், கற்றல் குறைபாடு உள்ளோருக்கும் பல்வகை ஊனமுற்றோருக்கும். இந்த நான்காவது பிரிவு நம் வீடுகளில் பலருக்குத் தெரியவே தெரியாது.

தெரிந்தாலும் பதியத் தயங்குகிறோம். "பெரியவள் கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பையனின் சான்றிதழைத் தள்ளிப்போடும் பெற்றோர் உண்டு. மத்திய அரசுப் பணிகளில் இவர்களுக்கு வயது வரம்பில் 10 ஆண்டு சலுகை உண்டு. ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் தேர்வுகளுக்குக் கட்டணமும் இல்லை. கல்யாணத்துக்காகக் காத்திருந்தால் அந்தப் பத்தாண்டும் கரைந்துவிடும்.

சான்றிதழ் வந்ததோடு வேலைக்குப் பதிவு ஆகிவிட்டது என்று எண்ண வேண்டாம், அது தனி. சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகத்திலோ, தொழிலாளர் அமைச்சகத்தின் கீழுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையத்திலோ பதிய வேண்டும். தொழில் மறுவாழ்வு மையம் என்று முன்பு அழைக்கப்பட்டது இதுதான். பதிந்த உடனே வேலை என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். ஆனால் இம்மையத்தில் திறனை மதிப்பிட்டுத் தொழிற்பயிற்சியும் தருகிறார்கள், அதற்காகவே போகலாம்.

பரிசோதனைக்குப் போகும்போது அந்த ஊர் மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பேச்சுப் புரியாமல் பிள்ளையின் நிலையைப் பாதி சொல்லிவிட்டு வந்தால், சதவீதம் குறைந்துபோகக்கூடும். அப்படிக் குறைத்து எழுதப்பட்டதாகத் தோன்றினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்திலேயே இடமுண்டு. எங்கே மனுக் கொடுப்பது என்பதை அந்த அலுவலகத்திலேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.