நெடுங்கலம் வனைதல்

வனைந்தான் என்னும் சொல்லை அறியாத தமிழ் மாணாக்கர் இலர். ஒரு வினைமுற்றுச் செய்பவனையும் செய்பொருளையும் மட்டுமன்றிக் கருவி, நிலம், செயல், காலம் என்பனவற்றையும் தன்னுள் அடக்கி நிற்கும் என்று நன்னூல் கூறுவதை விளக்க, உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு அது. செய்பவன் குயவன், கருவி மண்ணும் தண்டசக்கரமும், செய்பொருள் குடம். காலம் யாதெனின், இறந்தகாலம் என்று ஒரு சொல்லில் முடித்து அடுத்த சூத்திரத்துக்குப் போய்விடுகிறோம். தேர்வுக்கு அது போதும், தொழிலுக்குப் போதாது.

சென்ற புரட்டாசியில் யாம் மூவர் திருவண்ணாமலைக்குச் சென்றிருந்தோம். அருணாசலம் எனப்படும் பெருந்தலமன்று. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, சீனிவாசப் பெருமாள் கோயில் கொண்ட குன்றையுடைய சிற்றூர். அப்பக்கத்தில் மண்கலம் வனைந்து வாழும் முதியவர் ஒருவர் எம்மைத் தம் திகிரியின் அருகே அமர்த்திப் பத்து நாள் கற்பித்தார். அகல் இரண்டாம் நாளே கைவந்தது. உயரமே அரிது.

மண் பதப்படுத்தலைச் சுருங்கச் சொல்லி அப்பாற் செல்வோம்: கண்மாய்க் களிமண்ணோடு நுண்மணல் சேர்த்து, கல்லும் வேரும் களைந்து, காற்றுக்குமிழ் தங்காமற் காலால் மிதிப்பது. பின்னர் அம்மண்ணைச் சக்கரத்தின் நடுவில் நிலைப்படுத்தல் வேண்டும். அடியில் நூலளவு ஆட்டம் இருப்பின் விளிம்பில் விரலளவாகும். நடுவே பெருவிரலாற் குழித்தபின், இடக்கை உள்ளும் வலக்கை வெளியுமாகச் சுவரைப் பற்றி அடியிலிருந்து மெல்ல மேலே இழுக்க வேண்டும். இங்கேதான் சக்கரத்துக்கும் வனைவானுக்கும் வழக்கு. சுழற்சி மண்ணை வெளியே தள்ளும். விட்டால் குழலாக வேண்டியது தட்டாகிவிடும். ஆகவே உயரம் வேண்டுவோன் வெளிக்கையின் அழுத்தத்தை மிகுத்து, இடையிடையே இரு கையாலும் சூழப் பிடித்துக் குறுக்கிக்கொண்டே ஏறவேண்டும். கை விரைந்தால் சுவர் திருகி மடியும். நீரின்றேல் கை வழுக்காது. நீர் மிகின் சுவர் இளகும். கோலாற் சுழற்றிவிடும் நம் நாட்டுச் சக்கரம் வரவரத் தளர்வது வேறு. இவையெல்லாம் கைவந்தாலும் ஓர் எல்லை உண்டு. உட்கை அடியைத் தொடவேண்டும் ஆதலின், கையின் நீளத்துக்கு மேல் ஒரே இழுப்பில் ஏற வழியில்லை. ஈரமண்ணும் தன் பாரத்தைத் தானே தாங்காது.

அங்ஙனமாயின் பெருங்கலங்கள் எவ்வாறு உண்டாயின? காத்திருந்து. அடிப்பகுதியை வனைந்து, விரல் பதியாத அளவுக்கு நிழலில் இறுகவிடுவர். விளிம்பை மட்டும் ஈரத்துணியால் மூடிவைப்பர். மறுநாள் அவ்விளிம்பில் மண்திரியைச் சுற்றி ஒட்டி மேலும் உயர்த்துவர். உள்ளே கல்லை அணைத்து, வெளியே பலகையால் தட்டிச் சுவரை விரிப்பதும் உண்டு. நம் பக்கத்துப் பானை சக்கரத்தை விட்டு நீங்கும்போது அதற்கு அடியே இல்லை என்பதும், பின்னர்த் தட்டித்தட்டியே அடி மூடப்படுகிறது என்பதும் எமக்குப் பெருவியப்பாயிருந்தன. ஐயனாருக்கு நேரும் மண்குதிரையும் இத்தகையதே. சில ஊர்களில் கால்களைக் குழல்களாக வனைந்து, அவை இறுகியபின் மேலே உடலை எழுப்புவர். அவசரப்பட்டால், புதுமண்ணும் பழமண்ணும் வேறுவேறளவிற் சுருங்கி ஒட்டிய இடத்தில் வெடிக்கும். “இன்னைக்கு இவ்வளவுதான் தம்பி, மிச்சம் நாளைக்கு” என்று அம்முதியவர் நண்பகலிலேயே எழுந்துவிடுவார். இலக்கணம் நடுவில் இடைநிலையளவாகக் கண்ட காலம், இவரிடத்தில் மண்ணையும் திகிரியையும் ஒத்த கருவியாயிருந்தது.

நிற்க. இதனை அறிந்து புறநானூற்றின் 228ஆம் பாட்டைப் படித்தல் வேறு. கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் கலம் செய்வோனை விளித்து, உலகையே சக்கரமாக்கி மலையையே மண்ணாக்கினாலன்றி அம்மன்னனுக்கு ஏற்ற தாழி அமையாதே, அஃது உன்னால் ஆகுமோ என்று இரங்குகிறார். உயர்வுநவிற்சி என்று ஓரத்தில் எழுதிவிடலாம். ஒரு முழம் உயர்த்த முயன்ற கைக்கோ அது மெய்யாகவே ஒரு குயவனிடம் கேட்ட கேள்வியாகப் படும். 256ஆம் பாட்டில் கணவனை இழந்தாள் தனக்கும் இடமிருக்கும்படி அகன்ற தாழி வனையுமாறு வேண்டுகிறாள். அத்தாழி உலரும்வரை அவள் எத்தனை நாள் காத்திருந்தாளோ, பாட்டு அதைச் சொல்லவில்லை. ஆதிச்சநல்லூரில் 2004, 2005ஆம் ஆண்டுகளின் அகழாய்வில் மட்டும் 150க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. ஒவ்வொன்றின் பின்னும் இத்தகைய நாட்கள் உள்ளன.

இக்காலத்தே இக்கலையைப் பயில வேறு இடங்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் 1971இல் புதுச்சேரியில் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் மட்கலக் கூடத்திற் பயின்றோர் பலர். மின்சக்கரமும் வந்துவிட்டது, அது இடையில் தளர்வதில்லை. மண் இறுகும் நாளை அதுவும் குறைக்கவில்லை.

எம் ஆசிரியரின் மக்கள் இருவரும் இராசபாளையத்து நூற்பாலையில் வேலை செய்கின்றனர். பொங்கற்பானைக்கும் கார்த்திகை அகலுக்கும் ஆள் வருகிறது. நெடுங்கலம் கேட்பார் இல்லை. கை மறந்துவிடாதிருக்க ஆண்டுக்கு ஒன்றிரண்டு வனைந்து திண்ணையில் வைக்கிறார். இவ்வாண்டு அவற்றோடு எம்முடையதும் ஒன்று நிற்கிறது, இரண்டு முழத்துக்குச் சற்றுக் குறைவு. சூளை நிறையும் அளவு கலங்கள் சேர்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தை பிறந்தபின் சுடலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார்.