எல்லாருக்கும் ஒரே கார்: பந்தயச் செலவைக் குறைக்கும் அறிவியல்

கார்ப் பந்தயத்தில் வெல்வது யார்? திறமையான ஓட்டுநரா, அதிகப் பணம் செலவழித்த குழுவா? எல்லாருக்கும் ஒரே வகைக் காரைக் கொடுத்துப் பார்த்தால்தான் இதற்கு விடை கிடைக்கும். மலேசியாவில் 2017-இல் தொடங்கிய வியோஸ் சேலஞ்ச் அப்படிப்பட்ட பந்தயம்தான். அதில் அனைவரும் 1.5 லிட்டர் டொயோட்டா வியோஸ் காரையே ஓட்டினார்கள். அமெரிக்காவில் மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே ‘ஸ்பெக் மியாட்டா’ என்ற பிரிவு பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. வார நாளில் வேலைக்குப் போய், வார இறுதியில் பந்தயத்துக்கு வருபவர்கள் அதில் ஏராளம்.

இத்தகைய பந்தயத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டுமானால் எவற்றை முடிவு செய்ய வேண்டும்? நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியலே இதற்குப் போதும்.

மாறிகளைக் கட்டுப்படுத்துதல்

ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலையாக வைத்திருப்போம். இங்கே தற்சார்பு மாறி ஓட்டுநரின் திறமை. சார்பு மாறி ஒரு சுற்றை முடிக்க ஆகும் நேரம். எஞ்சின், டயர், எடை, எரிபொருள் ஆகிய அனைத்தும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். பந்தய விதிப் புத்தகம் என்பது இந்த மாறிகளின் பட்டியலே.

எந்தக் காரைத் தேர்ந்தெடுப்பது?

அதிவேகக் கார் வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. இயக்கச் சக்தி = ½ × பொருண்மை × வேகத்தின் வர்க்கம்.

ஓட்டுநரோடு சேர்த்து 1,000 கிலோகிராம் உள்ள கார், மணிக்கு 144 கிலோமீட்டரிலிருந்து (வினாடிக்கு 40 மீட்டர்) 72 கிலோமீட்டருக்கு (வினாடிக்கு 20 மீட்டர்) வேகத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இழக்கும் சக்தி ½ × 1,000 × (1,600 − 400) = 600,000 ஜூல். இதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. அறை வெப்பநிலையில் உள்ள 2 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இவ்வளவு சக்தி தேவை. ஒரே ஒரு வளைவுக்கு முன், சில வினாடிகளில் இது நடக்கிறது!

இப்போது 1,500 கிலோகிராம் கார் மணிக்கு 216 கிலோமீட்டரிலிருந்து அதே 72-க்கு வருகிறது என்று கொள்வோம். இழக்கும் சக்தி 2,400,000 ஜூல், அதாவது 4 மடங்கு. பிரேக்கும் டயரும் அந்த அளவுக்கு விரைவாகத் தேயும். பெரிய, விலை உயர்ந்த பாகங்கள் தேவைப்படும். காரின் விலை ஒருமுறைச் செலவு. தேய்மானமோ ஒவ்வொரு பந்தயத்திலும் தொடரும் செலவு. 1989-இல் அறிமுகமான முதல் எம்எக்ஸ்-5 ஒரு டன்னுக்கும் குறைவான எடை, 1.6 லிட்டர் எஞ்சின் கொண்டது. எளிய பந்தயத்துக்கு அது பொருந்தியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எடையும் காற்றும்

கார் ஒன்றாக இருந்தாலும் ஓட்டுநர்களின் எடை ஒன்றல்ல. 55 கிலோகிராம் உள்ளவருக்கும் 85 கிலோகிராம் உள்ளவருக்கும் 30 கிலோகிராம் வித்தியாசம். 1,000 கிலோகிராமில் அது 3 விழுக்காடு. விசை = பொருண்மை × முடுக்கம் என்பதால், அதே விசையில் முடுக்கமும் ஏறத்தாழ 3 விழுக்காடு மாறும். அதனால்தான் ‘காரும் ஓட்டுநரும் சேர்ந்து குறைந்தபட்சம் இவ்வளவு’ என்று விதி வைக்கிறார்கள். எடை குறைந்தவரின் காரில் உலோகத் தகடுகளைப் பொருத்துகிறார்கள். பந்தயம் முடிந்ததும் எடை பார்க்கப்படும்.

எஞ்சினைச் சமப்படுத்தக் காற்று உதவுகிறது. 1 கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். காற்று நுழையும் வழியில் துளையிட்ட தகடு ஒன்றை வைத்தால், உள்ளே போகும் காற்று குறையும். எரியும் பெட்ரோலும், திறனும் குறையும். ஸ்பெக் மியாட்டாவில் பழைய கார்களும் புதிய கார்களும் ஒன்றாக ஓடுவதற்கு இத்தகைய தகடுகளும் கூடுதல் எடையும் துணை செய்கின்றன.

பணம் நுழையும் ஓட்டைகள்

ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு எஞ்சின்கூட முற்றிலும் ஒன்றாக இராது. பணம் படைத்தவர் பல எஞ்சின்களை வாங்கிச் சோதித்து, சிறந்ததை மட்டும் பொருத்திக்கொள்ளலாம். இதைத் தடுக்க, எஞ்சினின் திறனை அளந்து முத்திரையிடுகிறார்கள். இன்றைய எம்எக்ஸ்-5 கோப்பைப் பந்தயத்தில் இந்த முறை உண்டு. அமெரிக்காவின் சில மண்தடப் பந்தயங்களில் இன்னும் சுவையான விதி இருக்கிறது: வென்றவரின் எஞ்சினை, முன்பே அறிவித்த விலைக்கு ஒரு போட்டியாளர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அப்படியிருக்க, அதைவிடப் பல மடங்கு செலவழித்து எஞ்சின் செய்ய யார் துணிவார்?

டயரிலும் கவனம் தேவை. மென்மையான ரப்பர் தடத்தை நன்றாகப் பற்றும். ஆனால் சீக்கிரம் தேயும். எனவே எல்லாருக்கும் ஒரே டயர் என்று விதித்து, அதன் எண்ணிக்கைக்கும் வரம்பு வைப்பது நல்லது.

ஒரு செலவை மட்டும் குறைக்கவே கூடாது: பாதுகாப்பு. கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்கும் எஃகுக் கூண்டு, பந்தய இருக்கைப் பட்டை, தலைக்கவசம், தீயணைப்பான், தீத்தடுப்பு உடை ஆகியவை கட்டாயம். மலிவான பந்தயம் என்பதற்கு ஆபத்தான பந்தயம் என்று பொருளல்ல.

சிந்தித்துப் பாருங்கள்

1. 1,000 கிலோகிராம் கார், மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுமையாக நிற்க எவ்வளவு சக்தியை இழக்க வேண்டும்? 144 கிலோமீட்டரிலிருந்து நிற்பதற்கு அது எத்தனை மடங்காகும்?

2. உங்கள் பள்ளியில் ஒரே வகைப் பொம்மைக் கார்களைக் கொண்டு சரிவுப் பந்தயம் நடத்துகிறீர்கள். எந்த மாறிகளைக் கட்டுப்படுத்துவீர்கள்? ஐந்து விதிகள் எழுதுங்கள். பிறகு நண்பரிடம் கொடுத்து, அவற்றில் ஓட்டை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.