பழைய வண்டிக்குச் சரியான கருவி



வண்டி ஓடினால்தான் வியாபாரம் ஓடும். மண்டியிலிருந்து மூட்டை வருவதும், கடைக்குக் கடை சரக்குப் போவதும், மாலையில் பாக்கி வசூலுக்குச் சென்று வருவதும் வண்டியை நம்பித்தான். நம் உறுப்பினர்களில் பலரிடம் பழைய லாரி ஒன்றும், பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. 2022 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த வணிக வண்டிகளுக்குத் தகுதிச் சான்றுக் கட்டணம் பல மடங்கு உயர்த்தப்பட்டது. ஆயினும் எல்லோராலும் புது வண்டி வாங்கிவிட முடிவதில்லை. ஆகவே, இருக்கும் வண்டியை முறையாகப் பழுது பார்த்து எஃப்.சி. காட்டும் நிலையில் வைத்திருப்பது அவசியமாகிறது.

கைக்கருவிகளை மொத்தமாக வாங்கி விற்கும் தொழிலில் பல்லாண்டுகளாக இருப்பவர்கள் என்ற முறையில், நாங்கள் கற்ற சில பாடங்களை இங்கே தருகிறோம். இவை வண்டி வைத்திருப்போருக்கும் பயன்படும்; ஹார்டுவேர் கடை வைத்து ஸ்பேனரும் போல்ட்டும் விற்கும் நண்பர்களுக்கும் பயன்படும்.

1. அளவு முறை அறிக

சேர், பலம், படி என்று நிறுத்தும் அளந்தும் வந்த நம் நாடு, 1956-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் படிப்படியாகக் கிலோவுக்கும் லிட்டருக்கும் மாறியது. சேர்க் கல்லை வைத்துக்கொண்டு கிலோ கணக்குப் பேசினால் யாருக்காவது நஷ்டம் வரும் என்பது நமக்குத் தெரியும். வண்டி வேலையிலும் இதே நிலைதான்.

நம் சாலைகளில் ஓடிய வண்டிகள் இரண்டு வழியில் வந்தவை. 1954-இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. அவ்வழி வந்த வண்டிகளில் மில்லிமீட்டர் அளவு. எண்ணூரில் 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955-இல் பிரிட்டனின் லேலண்ட் கூட்டுடன் அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, புல்லட் வரத் தொடங்கியது. பிரிட்டிஷ் வரைபடப்படி செய்யப்பட்ட அக்காலத்து வண்டிகளில் அங்குல அளவு போல்ட்டுகள் இருக்கும்.

அங்குலத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த முறையில், ஸ்பேனர் மேல் உள்ள எண் வாயின் அகலத்தைக் குறிப்பதில்லை. போல்ட்டின் கனத்தைக் குறிக்கும். கால் அங்குலம் என்று எழுதிய விட்வொர்த் ஸ்பேனரின் வாய் உண்மையில் 13.3 மில்லிமீட்டர். பி.எஸ்.எஃப். முறையில் அதே வாய்க்கு 5/16 என்று எழுதியிருக்கும். ஏ.எஃப். என்று எழுதியிருந்தால்தான் அந்த எண் வாயின் அகலம்.

இப்போது பாருங்கள். 13.3 மில்லிமீட்டர் நட்டுக்கு 13-ஆம் நம்பர் ஸ்பேனர் நுழையாது. 14-ஆம் நம்பர் நுழையும், ஆனால் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அவசரத்தில் அதை மாட்டி இழுத்தால் நட்டின் ஆறு மூலையும் மழுங்கிவிடும். அதன் பிறகு உளியும் சுத்தியலும்தான். அரை மணி வேலை அரை நாள் வேலையாவது இப்படித்தான்.

மரையிலும் இதே கதை. 5/16 அங்குல போல்ட்டின் கனம் 7.94 மில்லிமீட்டர். 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பி.எஸ்.எஃப். போல்ட்டில் மரைக்கு மரை தூரம் சுமார் 1.15 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25. மரையின் கோணமும் ஒன்றுக்கு 55 டிகிரி, மற்றதற்கு 60 டிகிரி. கையால் இரண்டு சுற்றுப் போகும், மூன்றாவதில் பிடிக்கும். பிடித்ததும் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் அலுமினிய இஞ்சின் மூடியின் மரை போயே போய்விடும். ஒரு சிறிய மரை கேஜ் இருந்தால் இந்த நஷ்டம் இல்லை. கையால் கடைசிவரை திரும்பாத போல்ட்டை ஸ்பேனரால் திருப்பாதீர்கள் என்பதே விதி.

2. ஒரே போல்ட், வேறு தலை

மில்லிமீட்டர் வண்டியிலும் எல்லாத் தலையும் ஒன்றல்ல. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு ஜெர்மன் வழி வண்டியில் தலை 13. ஜப்பான் வழி வண்டியில் பெரும்பாலும் 12. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முன்னதில் 17, பின்னதில் 14. 1980-களில் ஜப்பானியக் கூட்டுடன் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகள் வந்தபோது இந்த 10, 12, 14 நம்பர்களின் தேவை கூடியது.

எனவே கடைக்கு வருபவர் “ஒரு செட் ஸ்பேனர் கொடுங்கள்” என்றால், “எந்த வண்டிக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள். லாரிக்காரருக்கு 13, 17, 19 ரிங் ஸ்பேனர் தரமானதாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள்காரருக்கு 8, 10, 12, 14, 17 போதும். பழைய புல்லட்காரருக்கு அங்குல செட். அவருக்கு மில்லிமீட்டர் செட்டைக் கட்டிக் கொடுத்து அனுப்புவது வியாபாரமாகாது.

நட்டைக் கழற்ற முதலில் ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனரைப் பயன்படுத்த வேண்டும். அது நட்டைச் சுற்றிப் பிடிக்கும். ஓப்பன் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும். இளகிய நட்டை விரைவாகச் சுழற்றத்தான் அது. துருப் பிடித்த நட்டுக்கு 12 முனை பாக்ஸைவிட 6 முனை பாக்ஸ் நல்லது, மூலையை மழுக்காது. துரு இளக்கும் எண்ணெயை முந்தைய நாள் மாலையிலேயே விட்டு வைத்தால், காலையில் பாதி வேலை முடிந்திருக்கும்.

3. முறுக்கும் கணக்கு

ஸ்பேனரின் நீளம் சும்மா வைத்ததல்ல. 8 மில்லிமீட்டர் கனமுள்ள 8.8 தரப் போல்ட்டுக்குப் பொதுவாகத் தேவைப்படும் முறுக்கு சுமார் 2.5 கிலோ மீட்டர். 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 12.5 கிலோ விசையுடன் இழுத்தால் அந்த அளவு வந்துவிடும். அதே ஸ்பேனரில் குழாயைச் செருகி 60 சென்டிமீட்டர் ஆக்கி, அதே பலத்துடன் இழுத்தால் முறுக்கு 7.5 கிலோ மீட்டர். மூன்று மடங்கு! போல்ட் அறும், அல்லது மரை உரியும், அல்லது நீண்டு பலமிழந்து, நடுவழியில் அறுவதற்குக் காத்திருக்கும்.

இஞ்சின் ஹெட், கனெக்டிங் ராடு போன்ற இடங்களில் கைப்பழக்கம் போதாது; டார்க் ரெஞ்ச் வேண்டும். தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன அளவை, நடுவிலிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று தவணையில் முறுக்க வேண்டும். டார்க் ரெஞ்சைக் கொண்டு நட்டைக் கழற்றக் கூடாது. கிளிக் வகை ரெஞ்சை வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி, பெட்டியில் வைக்க வேண்டும். தராசை எவ்வளவு பத்திரமாக வைப்போமோ அவ்வளவு பத்திரமாக இதையும் வைக்க வேண்டும்.

லாரிச் சக்கரம் கழற்றி மாட்டினால் நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். சில பழைய லாரிகளில் இடப்பக்கச் சக்கரத்துக்கு இடமரை உண்டு. அது தெரியாமல் கழற்றுவதாக எண்ணி இறுக்குபவர்கள் பலர். ஸ்டட்டின் நுனியில் எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

4. திருப்புளியும் புல்லரும்

ஜப்பான் வழி மோட்டார் சைக்கிள்களின் பழைய ஸ்டார் ஸ்க்ரூ, பார்வைக்குச் சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ போலவே இருக்கும். ஆனால் அதன் வெட்டு வேறு, ஜே.ஐ.எஸ். என்பார்கள். பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுதாக உட்காராமல் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். திருப்புளிகளைத் தனியே வாங்கி வையுங்கள். இறுகிப்போன ஸ்க்ரூவுக்குச் சுத்தியலால் தட்டினால் தானே திரும்பும் இம்பாக்ட் திருப்புளி இருக்கிறது.

மேக்னட்டைக் கழற்ற அதற்குரிய புல்லரைத்தான் பயன்படுத்த வேண்டும். சுத்தியலால் அடித்தால் அடி மேக்னட்டோடு நிற்காது. கிராங்க் வரை போகும். ஊசி செய்யும் வேலையைக் கடப்பாரை செய்யுமா? ஒரு புல்லரின் விலையையும் ஒரு கிராங்க் வேலையின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கணக்குத் தெரிந்த நமக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

5. போல்ட்டின் தரம்

இது கடைக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. போல்ட்டின் தலையில் 4.6, 8.8, 10.9 என்று எண் இருக்கும். முதல் எண் அதன் இழுவைப் பலம். 4 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 40 கிலோ. 8 என்றால் 80 கிலோ. 10 என்றால் 100 கிலோ. மூன்றும் ஒரே கனம், ஒரே பளபளப்பு. கல்லாவில் இருந்து பார்த்தால் வித்தியாசம் விலை மட்டும்தான். ஆனால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டிலும், கமான் பட்டையிலும், ஸ்டியரிங்கிலும் 4.6 போல்ட்டைப் போட்டு அனுப்பினால், பத்து டன் சரக்கோடு மலைப்பாதையில் இறங்கும் டிரைவரின் உயிர் அதில் தொங்குகிறது. கேட்ட தரம் நம்மிடம் இல்லையென்றால், “இல்லை, பக்கத்துக் கடையில் பாருங்கள்” என்று சொல்வதே மரியாதை.

6. உயிர்க் காப்பு

கருவி என்பது ஸ்பேனர் மட்டுமல்ல. கீழ்க்கண்டவற்றை உங்கள் டிரைவரிடமும் மெக்கானிக்கிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அ) ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. தூக்கியதும் ஸ்டாண்டு அல்லது கனமான மரக்கட்டை கொடுத்து, மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகே அடியில் நுழைய வேண்டும். எங்களிடம் வாடிக்கையாக வாங்கும் ஒரு பட்டறையில் ஜாக்கி சரிந்து, ஹெல்பர் பையன் ஒருவனுக்குக் கையில் இரண்டு விரல் போயிற்று. மரக்கட்டைகள் மூன்றடி தூரத்திலேயே கிடந்தன. டிப்பரின் தொட்டியைத் தூக்கி வைத்து வேலை செய்யும்போதும் இரும்பு முட்டு இல்லாமல் உள்ளே தலை நீட்டக் கூடாது.

ஆ) வளையம் மாட்டும் பழைய லாரி ரிம்மைப் பிரிக்குமுன் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்க வேண்டும். காற்று அடைக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீள ஹோஸ் போட்டு, விலகி நிற்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் அந்த வளையம் தெறித்தால் எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது.

இ) பேட்டரியில் எர்த் வயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். அப்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

ஈ) ஆயில் பிரேக்கின் ரப்பர் வாஷர்களை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது, ஊதிப்போய் பிரேக் பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக் கூடும். அந்தத் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அது நுரையீரலைக் கெடுக்கும்.

7. நாம் செய்ய வேண்டுவன

வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் தம் வண்டிக்கென ஒரு கருவிப் பெட்டி வைத்து, அதில் இருக்க வேண்டியவற்றின் பட்டியலை மூடியின் உட்புறம் ஒட்டி வைக்கலாம். மாதத்தில் ஒரு நாள் ஸ்டாக் எடுப்பது போல் அதையும் எடுங்கள். காணாமல் போன 17-ஆம் நம்பர் ஸ்பேனருக்குப் பதிலாகப் பைப் ரெஞ்சு வேலை செய்யத் தொடங்கும் நாளில்தான் வண்டியின் ஆயுள் குறையத் தொடங்குகிறது. சிறு கடைக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு டார்க் ரெஞ்சும் இரண்டு ஸ்டாண்டும் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டால் செலவும் குறையும்.

கருவி விற்கும் உறுப்பினர்கள், க்ரோம் வனேடியம் என்று அச்சிட்டதெல்லாம் அப்படியே என்று நம்பாமல், வாய் விரியாததையும் அளவு சரியானதையும் காலிப்பர் கொண்டு பார்த்து வாங்குங்கள். மலிவுச் சரக்கில் கிடைக்கும் லாபம் ஒரு முறைதான். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்த மெக்கானிக் அந்தக் கடையின் படியை மறுபடி மிதிப்பதில்லை. மற்றவரையும் மிதிக்க விடுவதில்லை.

பழைய வண்டி நம்மிடம் அதிகம் கேட்பதில்லை. அதன் அளவுக்குப் பொருந்தும் கருவி, தரத்துக்குப் பொருந்தும் போல்ட், அவசரப்படாத கை. இவை மூன்றும் இருந்தால் வண்டியும் ஓடும், வண்டிக்கு அடியில் படுத்து வேலை செய்பவரும் மாலையில் முழுதாக வீடு போய்ச் சேருவார்.